மேசை மீதே வைத்துச் செல்லவும்

அவன் உள்ளே வந்ததும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான்.

"இது என் சம்சாரம். தினமும் இங்க வருதாமே. என்ன படிக்குது?"

நூலகர் நாற்காலியில் இருந்தவள் படத்தை உற்றுப் பார்த்தாள்.

படத்திலிருந்த பெண் சற்று முன்புதான் எழுந்து போயிருந்தாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். இந்தப் பங்குனி வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டு வருகிற பெண்.

அவள் படித்த புத்தகம் ஜன்னலோர மேசையில் கிடந்தது. சிவப்பு அட்டை. கொட்டை எழுத்தில் விவாகரத்து.

அது அங்கே கிடப்பதற்கு வேறு யாரும் காரணமில்லை. இவள்தான்.

சுவரில் பலகை தொங்குகிறது. 'படித்த நூல்களை மேசை மீதே வைத்துச் செல்லவும்.' வாசகர்கள் எடுத்து அடுக்கினால் வரிசை குலைந்துவிடும். கண்ட இடத்தில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள், தேடி அலைவது இவள். அந்தப் பெண் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. சமையல் வரிசைக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவாள். போன வாரம் இவள் கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டாள்.

"சரிங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.

ஏன் அங்கே செருகுகிறாய் என்று கேட்க இவளுக்குத் தோன்றவில்லை. இப்போது புரிந்தது. புரிகிற நேரமா இது.

"யார் என்ன படிக்கிறாங்கன்னு இங்க யார்கிட்டயும் சொல்றதில்ல சார்."

"நான் புருஷன்மா."

"புருஷனா இருந்தாலும்."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை அது.

"ஜன்னல் ஓரம் உக்காருமாம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தான்.

திரும்பி வந்த புத்தகங்கள் இவள் முன்னால் குவிந்திருந்தன. அவற்றை அப்படியே வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவனை முந்திக்கொண்டு போய் ஜன்னலோர மேசையில் கொட்டினாள்.

"எடுத்து அடுக்கற நேரம் சார்."

பட்டப்பகலில் என்ன அடுக்கல்? படித்துக்கொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த முழுக்கை ரவிக்கையை அவர்களும் தினமும் பார்த்தவர்கள்தான்.

தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். பாதி படித்த புத்தகத்தைக் குவியலில் போட்டாள். அவள் தோழியும் போட்டாள். மூலையில் கோழி வளர்ப்பு படித்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையும் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல எது?" என்றான் அவன்.



அவன் கிளற ஆரம்பித்தான். பொது அறிவு. கைரேகை. மார்கழிக் கோலங்கள். பிறகு சிவப்பு அட்டை.

தூக்கிப் பிடித்தான்.

"இதுவா?"



துரைக்கண்ணு எழுந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர். இத்தனை வருடத்தில் பேப்பரைத் தவிர எதையும் தொட்டவரில்லை. மனைவி சுட்ட முறுக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, இவள் பார்க்காதபோது கொறிக்கிறவர்.

"அது என்னுது தம்பி. பாதியில நிக்குது. குடுங்க."

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். கொடுத்தான். குவியலை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

துரைக்கண்ணு உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை படித்தார். அதற்குப் பிறகும் மூடவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள்.

சுவரில் பலகை இல்லை. அது தொங்கிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவள் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நேத்து உங்க வீட்டுக்காரர் வந்தாரும்மா. யாரும் ஒண்ணும் சொல்லல."

அந்தப் பெண் ரவிக்கைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள்.

அப்படியே திரும்பிப் போய்விடுவாள் என்று இவள் பயந்தாள். போகவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது இவளுக்கு. கேட்கத் தெரியவில்லை. தன் இடத்துக்கு வந்து புத்தகங்களில் முத்திரை குத்தத் தொடங்கினாள்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆயிற்று. நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் அலமாரிகள் பக்கம் போனது. ஏதோ ஒரு வரிசையில் ஒரு புத்தகம் செருகப்பட்டது.

எந்த வரிசை என்று இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.