பூலோகம் பாத்திரம் தேய்த்தான்

"பாத்திரம் தேச்சாரா? யாரு, உன் வீட்டுக்காரரா?"

"ஆமாக்கா. நான் எந்திரிக்கதுக்குள்ள எல்லாத்தையும் கழுவிக் கவுத்தி வச்சிருக்காவ. குழாய்த் தண்ணியும் பிடிச்சாச்சு."

ஆஸியா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். தாராவிச் சந்தில் அவளுக்கும் மாரிசெல்விக்கும் எதிரெதிர் வாசல். மாரிசெல்வியின் கணவன் பூலோகம் தைக்கும் பட்டறையிலிருந்து வரும் தோல் பைகளில் பிசிறு நூல் வெட்டுவது இருவருக்கும் வேலை. வெட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவது கூலியில் சேராத வேலை.

"ஏளா, சொல்லுதேன்னு கோவப்படாத. ஆம்பள கெட்டவனா இருந்தா பயமில்ல. திடீர்னு நல்லவனா ஆனாத்தான் சட்டைய மோந்து பாக்கணும்."

"மோந்து பாத்துட்டேன். தோல் வாடைதான் அடிக்கி."

"எப்ப இருந்து இப்படி?"

"செம்பூர் டாக்டர்ட்ட போயிட்டு வந்ததுல இருந்து."

மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே மாரிசெல்விக்கு அசதி. உட்கார்ந்தால் தூக்கம், சீப்பு நிறைய முடி, பழைய ஜாக்கெட் ஒன்றும் கைக்குள் நுழையவில்லை. 'தூங்குமூஞ்சி' என்று பூலோகமே அவளுக்குப் பட்டம் கட்டியிருந்தான். கடைசியில் ரத்தம் பார்த்தபோது தைராய்டு கொஞ்சம் மந்தம் என்று வந்தது.

டாக்டர் சாருலதா ரிப்போர்ட்டை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பார்டர்லதாம்மா இருக்கு. இப்போதைக்கு மருந்து வேண்டாம். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாப்போம்."

மாரிசெல்விக்குச் சற்று ஏமாற்றம்தான். ஒரு மாத்திரையாவது எழுதியிருந்தால், இது சோம்பேறித்தனம் இல்லை, நோய் என்று வீட்டில் எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் காட்டவேண்டிய ஆளோ, அன்று ரயிலில் ஏறியதிலிருந்து வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டான்.

"மருந்தே எழுதலையாமா?" ஆஸியா உதட்டைப் பிதுக்கினாள். "தும்மினாலே ஊசி போடுத நம்ம முக்கு டாக்டரே தேவல. சரி, வேற என்ன செய்யாரு உன் வீட்டுக்காரரு?"

"முந்தாநாள் குழம்புல உப்புப் போட மறந்துட்டேன். ஒரு வார்த்தை பேசாமச் சாப்பிட்டாவ. கிங்ஸ் சர்க்கிள் போயி மல்லியப்பூ வாங்கிட்டு வந்தாவ. போன் வந்தா மட்டும் வெளிய போயிக் குசுகுசுன்னு பேசுதாவ. நான் எட்டிப் பாத்தா வச்சிருதாவ."

"ம்."

"நேத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஜோடியா எடுக்கத்தான்னு நான் பட்டுச்சேலை கட்டிட்டுப் போனேன். என்னை மட்டும் தனியா உக்கார வச்சு எடுக்கச் சொல்லிட்டாவ."

ஆஸியாவின் முகம் மாறியது. "தனியாவா? ஏளா, அது வக்கீல்ட்ட குடுக்கதுக்குல்லா. இது லஃப்டாவேதான். எவளோ ஒருத்தி உள்ள நுழைஞ்சிட்டா."

மாரிசெல்வியின் கத்திரி பிசிறு நூலை விட்டுவிட்டுப் பையின் வாரையே வெட்டிவிட்டது.

அன்று மாலை பூலோகம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். "நீ உக்காரு, சோத்தை நான் வடிக்கேன்" என்றான். அதற்குள் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் சந்துக்கு ஓடினான். மாரிசெல்வி சத்தமில்லாமல் எழுந்து வாசல் திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"தளவாய் மச்சான், ஞாயித்துக்கிழமையே வந்துருங்க. அவகிட்ட மூச்சு விட்டுராதீங்க. எப்படிச் சொல்லுததுன்னு எனக்கே தெரியல. நேர்ல பேசுவோம்."

விக்ரோலியில் இருக்கும் தளவாய் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவள் திரையை இழுத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னை அத்துவிட்டு எங்க அண்ணன்கூட அனுப்பப் போறியளோ? யாரு அவ?"

"எவ?"

"பாத்திரம் தேச்சா எனக்குப் புரியாதா? பூ வாங்கிக் குடுத்தா கேக்க மாட்டேன்னு நினைச்சியளா? குண்டாயிட்டேன், முடி கொட்டிப் போச்சு, எந்நேரமும் தூங்குதேன். பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேர சொல்லுங்க. ஊரைக் கூட்டி எதுக்குச் சொல்லுதிய?"

எதிர் வாசலில் ஆஸியாவின் தலை தெரிந்து மறைந்தது.

பூலோகம் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் அப்படியே குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள்கள் குலுங்கின. தையல் மெஷின் ஊசி விரலில் ஏறியபோது பல்லைக் கடித்துக்கொண்டு டீ கேட்ட மனிதன் அவன்.

"எங்கய்யா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கை நிறைய மாத்திரை குடுத்தாவ" என்றான். "மாத்திரை குடுத்த வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டுதான் இருந்தாரு. ஒருநாள் பெரிய டாக்டர் வந்து, 'இனி மருந்து வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பாத்துக்கோங்க'ன்னாரு. அப்புறம் பத்தே நாள்தான் இருந்தாரு."

"அதுக்கு?"

"அந்த டாக்டரம்மாவும் உனக்கு மருந்து வேண்டாம்னு கையை விரிச்சுட்டாவளே, மாரி." அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். "உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். வலி வந்தா மட்டும் எங்கிட்ட மறைக்காத."