வாடிக்கையாளர் சொல்வது

முதல் திட்டத்துக்குத் தங்கம் என்று பெயர், இரண்டாவதற்கு வெள்ளி. மூன்றாவதற்கு உலோகம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, வெறுமனே 'ஆரம்பம்' என்று வைத்திருந்தார்கள்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் யோசிக்கவே இல்லை. மூன்றாவதைத் தொட்டார்.

"நல்ல சாய்ஸ் சார்" என்றாள், வெப்சைட் செய்து தரும் பெண், போனின் ஸ்பீக்கரில். தங்கத்தைத் தொட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். பாவம், அவளுக்கும் பிழைப்பு.

வருடம் முடிவதற்குள் ஒரு புது பாலிசியாவது பிடிக்காவிட்டால் ஏஜென்சி ரத்து என்று கிளை மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதுவும் போய்விட்டால் வீட்டுக்குள் வரும்படி என்று ஒன்றுமே கிடையாது.

இப்போதெல்லாம் சனங்கள் படுத்த இடத்திலிருந்தே போனைத் தடவி பாலிசி எடுத்துக்கொள்கிறார்கள். தோள்பையோடு மூச்சு வாங்க மாடியேறி வருகிற நரைத்த தலைக்கு எவன் கதவைத் திறப்பான்? போன மாதம் ஒரு வீட்டில் திறந்தார்கள், நாயை வெளியே விடுவதற்கு.

அதனால்தான் இந்த வெப்சைட். கூடவே, அவரிடம் இருக்கும் அத்தனை மின்னஞ்சல் முகவரிகளுக்கும் மாதாமாதம் தானாகவே ஒரு மெயில் போகும் என்றார்கள். காலையில் சோதனைக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தாயிற்று. முக்கால்வாசி, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தன. பதில் எழுதியவர் ஒரே ஒருவர். இனிமேல் அனுப்பாதீர்கள் என்று எழுதியிருந்தார்.

"பதில் வந்துச்சே சார், அதுவே நல்ல அறிகுறிதான்" என்றாள் அந்தப் பெண். புண்ணியவதி.

எல்லாம் முடிந்து ஒரே ஒரு கட்டம் பாக்கி. 'வாடிக்கையாளர் சொல்வது' என்று அதற்குத் தலைப்பு. கிளைம் பணம் வாங்கியவர் யாராவது ஏஜென்டைப் பற்றி நாலு வரி நல்லதாகச் சொல்ல வேண்டும்.

"அந்தக் கட்டத்தைத் தூக்கிட முடியாதாம்மா?"

"தூக்கணும்னா வெள்ளித் திட்டத்துக்கு மாறணும் சார். காலியா விட்டா சைட்டைத் திறந்ததும் அதுதான் பளிச்சுன்னு தெரியும். யார்கிட்டயாவது வாங்கி அனுப்புங்க, நான் திரும்பக் கூப்பிடுறேன்."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவர், அன்றைக்குச் சொன்ன தொகை ஏன் வரவில்லை என்று பழைய சண்டையைத் தொடங்கினார். இன்னொருவர் எடுக்கவே இல்லை. சொந்த மச்சினனே, "என்னை எதுலயும் இழுத்துவிடாதீங்க மாமா" என்று வைத்துவிட்டான்.

செருப்புத் தேய அலைந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல நாதியில்லை. அவருக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தினாள்.

"நான் சொல்றேன். எழுதிக்குங்க."

"நீயா?"

"எழுதுங்கன்னா."

அவள் தங்குதடையில்லாமல் சொல்லச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

'பையன் பேரில் பாலிசி போட்டிருந்தோம். பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. எனக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. ஏஜென்ட்தான் ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் அலைந்து எல்லாக் காகிதமும் வாங்கினார். ஒரே மாதத்தில் காசோலையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.'

பெயர் கேட்கும் இடத்தில் 'ஒரு தாய்' என்று போடச் சொன்னாள். போட்டார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பினார்.

உடனே போன் அடித்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா கதை விடுற மாதிரி இருக்கு" என்றாள் வெப்சைட் பெண். "எந்த ஏஜென்ட் சார் கஸ்டமர் வீட்ல உட்கார்ந்து அழுவாரு? நீங்களே எழுதிக்கிட்டதுன்னு படிச்சதும் கண்டுபிடிச்சிடுவாங்க. எங்ககிட்ட ரெடிமேடா ஒண்ணு இருக்கு. 'திருப்தியான சேவை, அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்.' போட்டோவோட வரும், இந்தத் திட்டத்துலயே ஃப்ரீ. போட்டுடவா?"

ஸ்பீக்கரில் இருந்ததால் மனைவிக்கும் கேட்டது. அவர் அவளைப் பார்த்தார். அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"போட்டுடும்மா" என்றார்.

திரையில் மனைவி சொன்ன வரிகள் மறைந்து, யாரோ ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் யாரும் முதல் பாலிசிக்குத் தெருவில் இறங்குவதில்லை. வீட்டில் கைக்கு அகப்படுகிற ஆளின் தலையில் கட்டிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவார்கள். இவரும் அப்படித்தான் தொடங்கினார்.

போனை வைத்த பிறகு மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"கையெழுத்துப் போடும்போது நம்ம பையன், 'எனக்கு என்னம்மா ஆகப்போகுது, எல்லாம் அப்பாவோட டார்கெட்டுக்குத்தானே'ன்னு சிரிச்சான். அதையும் எழுதச் சொல்லலாமான்னு நினைச்சேங்க. நல்லவேளை, சொல்லலை."