கூடுதலாக ஒன்று

தம்பி இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவன் கைபேசியை இனி அம்மா வைத்துக்கொள்வதாக முடிவானது. அதில் இடமே இல்லை. டைப் அடிக்கச் சோம்பல்பட்டு அவன் பேசி அனுப்பிய குரல் பதிவுகளை என் கணினிக்கு மாற்றினேன். மொத்தம் அறுபத்தொன்று.

அலுவலகத்தில் தினமும் செய்கிற வேலைதான். கணினியின் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தால், எல்லாக் கோப்புகளையும் சுருக்கி ஒரே பொட்டலமாகக் கட்டிவிடும். கட்டியதை எண்ணிப் பார்க்காமல் மூலத்தை அழிக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம்.

எண்ணினேன். அறுபத்திரண்டு.

பொட்டலத்தை அழித்துவிட்டு மறுபடி கட்டினேன். அப்போதும் அறுபத்திரண்டு. மூலத்தில் அறுபத்தொன்றுதான்.

பிரித்து, கூடுதலாக இருந்ததை இயர்போனில் கேட்டேன். பதினோரு விநாடி. முதலில் கீபோர்டு சத்தம். பிறகு சமையலறையிலிருந்து அம்மா: "முடிஞ்சுதா?"

என் குரல்: "ஒண்ணு கூடுதலா இருக்கும்மா."

அடுத்து, மிக அருகில், தம்பி: "இல்லக்கா, சரியாத்தான் இருக்கு. நீ என்னை விட்டுட்டு எண்ணியிருக்க."

அம்மா காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

இயர்போனைக் கழற்றினேன். சமையலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"ஒண்ணு கூடுதலா இருக்கும்மா" என்றேன். சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தேன்.