சன்மான் அண்ணன் காப்பாற்றிய பெட்டி

கருவி இருக்க வேண்டிய சிமெண்டு மேடையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"பெட்டி எங்கண்ணே?" என்றேன்.

சன்மான் தமாங் பெருமை பொங்க என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். சோளக்காட்டின் நடுவில், கம்பளி போர்த்திக்கொண்டு, விரித்த குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது என் நில அதிர்வுமானி.

தோலக்கா மலையில் அவர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் அதை வைத்தது நான்தான். எங்கள் இமயத்துக்கு அடியில் இந்திய நிலத்தட்டு எவ்வளவு ஆழத்தில் போய்ச் சொருகுகிறது என்று பார்க்க, எனக்கு ஒரே ஒரு நல்ல நிலநடுக்கம் வேண்டியிருந்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். என் முனைவர் பட்டமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை வந்தது, யாருக்கும் சேதமில்லாமல். காத்மாண்டுவிலிருந்து வரும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மடிக்கணினியை இணைத்தேன்.

முதல் அலை அழகாகப் பதிந்திருந்தது. உடனே ஒரே கிறுக்கல். அப்புறம் தொப்பென்று ஒரு குதி. அதற்கப்புறம் சின்னச் சின்னதாய் என்னவோ இடி.

"ஆட ஆரம்பிச்சதுமே ஒரே ஓட்டமா ஓடித் தூக்கிட்டேன் தங்கச்சி! எவ்வளவு விலையுள்ள சாமான், நிலநடுக்கத்துல மாட்டிக்கிட்டா என்னாகிறது? வரப்புல குதிச்சு, இங்க கொண்டாந்து வச்சு, இது ஆடக் கூடாதுன்னு சுத்தி மண்ணைக் கட்டைவிரலால அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

பூமி குலுங்கினால் கட்டைவிரலால் தரையை அழுத்துவது எங்கள் வழக்கம். அன்றைக்கு நானும்தான் அழுத்தினேன், ஆராய்ச்சிக்கூடத்து மேசைக்கு அடியில். அவரைத் திட்ட எனக்கு எங்கே வாய் இருக்கிறது? அழுகைதான் வந்தது. இனி அடுத்த நடுக்கம் எப்போதோ.

அவர் மனைவி சுக்மாயா அண்ணி தேநீர் கொண்டுவந்தார். எனக்கு மட்டும். புருஷன் பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை.

"சோள மூட்டை சரிஞ்சு கதவை அடைச்சுக்கிச்சு. வந்து திறய்யான்னு உள்ளேருந்து தொண்டை கிழியக் கத்தினேன். இவரு காதுல விழவே இல்லியாம்."

அண்ணி குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"இதுல விழுந்திருக்கும்ல? பாத்துச் சொல்லு."

அவர் முதுகுக்குப் பின்னால் சன்மான் அண்ணன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.