எந்தப் பக்கம் வலி?

"உங்கம்மாவுக்கு எந்தப் பக்கம்ங்க வலி?"

சாப்பிட்டுக் கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "இடுப்புல."

"இடுப்புக்கு ரெண்டு பக்கம் இருக்கு."

"வலது பக்கம்னு நினைக்கிறேன். இல்ல... இடதோ? ஏன், அதுல என்ன வந்துச்சு?"

அதில்தான் எல்லாமே வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் மாமியார் கையை வைத்துக்கொண்டு "ஐயோ" என்று உட்கார்ந்தது வலது பக்கம். சிகிச்சைக்குப் போக ஆரம்பித்ததும் அதற்காகத்தான். இப்போது ஒரு மாதமாக இடது பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறாள். மருமகள் தையல்காரி. எதிரே வருகிறவர்களுக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று டேப்பை எடுக்காமலே சொல்லிவிடுவாள். அவள் கண்ணிலிருந்து இது தப்புமா?

"வலி என்ன, வீடு மாத்துற மாதிரி பக்கம் மாத்துமா?"

"ஜவ்வு தளர்ந்திருக்குன்னு சொன்னாங்கல்ல? தளர்ந்தா அங்க இங்க போகும்போல" என்றான் கணவன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. "நீயும் அம்மாகூட ஒருநாள் போய்க் காட்டிட்டு வாயேன்."

"ஸ்கூல் திறக்க இருபது நாள்தான் இருக்கு. நாப்பது யூனிஃபார்ம் கிடக்கு. எனக்கு எங்க நேரம்?"

நேரமில்லாதவளைத்தான் மாமியார் தினமும் சாயங்காலம் பிடித்து இழுப்பாள்.

"டாக்டரம்மா சொன்ன பயிற்சியைத் தனியா செய்ய எனக்கு வரலம்மா. நீ பக்கத்துல படுத்துச் செஞ்சா, அதைப் பார்த்து நானும் செய்வேன்."

இரண்டு பேரும் பாயை விரித்து மல்லாந்து படுக்க வேண்டும். முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். அப்புறம் ஒருக்களித்துப் படுத்து, மேல் முழங்காலை மட்டும் மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் இரண்டு சட்டைக்குக் காலர் வைத்துவிடலாம்.

அதிலும் வேடிக்கை, மாமியார் ஒழுங்காகச் செய்யவே மாட்டாள். தலையைத் திருப்பி மருமகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மூச்சை அடக்காதே. முதுகை வளைக்காதே. வலிச்சா நிறுத்திடு."

"என்னை எதுக்கு அத்தை திருத்துறீங்க?"

"நீ தப்பா செஞ்சா, அதைப் பார்த்து நானும் தப்பா செஞ்சிடுவேன்ல?"

பதில் என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. முந்தாநாள் மாமியார் ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் அவசரமாக இறங்கி, இடது இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "குனிய முடியலடா" என்று சொல்லித் தரை துடைக்கிற வேலையையும் மகன் தலையில் கட்டியாகிவிட்டது. வேலைக்குப் பயந்து நடிக்கிறாளா? அப்படியென்றால் சமையல் முழுவதையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வானேன்? யோசிக்க யோசிக்க மருமகளுக்குக் குழப்பம்தான் கூடியது.

அன்று மாமியார் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுக் கிளினிக்குக்குக் கிளம்பிப் போயிருந்தாள். மருமகளுக்கு அது நல்ல சாக்கு. கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கிளினிக் இரண்டாவது மாடியில். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்ற வேகத்தில் விறுவிறுவென்று ஏறினாள்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாமியார் நன்றாகக் குனிந்து, தரையில் கிடந்த பெரிய ரப்பர் பந்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சரி, நடந்து காட்டுங்க" என்றாள் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா.

அவ்வளவுதான். மாமியாரின் கை இடது இடுப்புக்குப் போனது. காலை இழுத்து இழுத்து நாலு அடி நடந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் நிமிர்ந்து, "சரியா இருக்கா?" என்று சிரித்தாள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரொம்பப் பிரமாதமா இருக்கு அத்தை! உங்க பிள்ளை தரை துடைக்கணும், நான் வேலையை விட்டுட்டுப் பாயில படுக்கணும், நீங்க இங்க வந்து நடிச்சுப் பழகணும்!"

மாமியார் திருதிருவென்று விழித்தாள்.

டாக்டரம்மாவோ மருமகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே நடந்து வந்த அவள் கால்களையே பார்த்தாள்.

"இவங்கதானா அது? ஏம்மா, ரெண்டு மாடியையும் நடுவுல நிக்காமயா ஏறி வந்தீங்க?"

"ஏன், நான் ஏறக் கூடாதா?" என்று வெடித்தவள், அப்படியே நின்றாள்.

போன மாதம்வரை வீட்டு வாசலில் இருக்கிற நாலு படிக்கே அவள் நடுவில் ஒரு தடவை நிற்பாள். இடது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"உங்க அத்தைக்கு எப்பவோ சரியாயிடுச்சு" என்றாள் டாக்டரம்மா. "அவங்க காட்டினது உங்க நடை. ஆளைப் பார்க்காம நான் எப்படிச் சொல்றதுன்னு கேட்டா, வாராவாரம் நடந்து காட்டுறாங்க. கூட்டிட்டு வாங்கன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சரி, யாருக்கும் கெடுதல் பண்ணாத பயிற்சியா ரெண்டு சொல்லிக் குடுத்தேன். வந்ததுதான் வந்தீங்க, படுங்க. நானே பார்த்துடறேன்."

மருமகள் கையிலிருந்த கண்ணாடியை நீட்டினாள்.

"அதுக்கு... இடது பக்கம்னு எதுக்கு அத்தை சொன்னீங்க?"

"வலதுன்னு சொன்னா, நீயும் வலது பக்கத்துக்குத்தானே செய்வே?"

"எனக்காகன்னு சொல்லியிருந்தா நான் செஞ்சிருக்க மாட்டேனா?"

மாமியார் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"உனக்குன்னு சொன்னா நேரமில்லேம்பே. எனக்குன்னு கேட்டா, நீ என்னிக்கும்மா மாட்டேன்னு சொல்லியிருக்கே?"