கடைசி கியர்

இருபத்தொன்றாவது வளைவில் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

முன்னால் போகும் கணவர் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார்?

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். போன வருடம் இதே இடத்தில் அவருடைய சைக்கிள் கண்ணுக்கே தெரியவில்லை. மேலே போய் இரண்டு டீ குடித்துவிட்டு, பின்னால் வந்து சேர்ந்தவளைக் கேலி வேறு செய்தார்.

நடுவில் ஒரு நெஞ்சுவலி வந்து போயிருந்தது. ஒரு ஸ்டென்ட். எட்டு மாத ஓய்வு. இனி சைக்கிள் ஓட்டலாம், மூச்சு வாங்கினால் உடனே இறங்கிவிட வேண்டும் என்றார் டாக்டர். அதில் முதல் பாதியை மட்டும் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏற்றத்தில் ஒருவரையொருவர் 'முடிகிறதா' என்று கேட்கக் கூடாது. அவர்களுக்குள் அது பழைய ஒப்பந்தம். கேட்டாலும் உண்மை வராது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே வாயுப் பிடிப்பு என்று சாதித்த மனிதர் அவர்.

கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது.

செயின்.

பின்சக்கரத்தில் அது எவ்வளவு பெரிய பல்சக்கரத்தில் ஏறி நிற்கிறதோ, அவ்வளவு லேசாக மிதிக்கலாம். இருப்பதிலேயே பெரியதுதான் கடைசி கியர். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அறுபதாவது வளைவு தாண்டும்வரை அவர் அதைத் தொடமாட்டார். தொட்டால் மலைக்குப் பயந்ததாக அர்த்தமாம்.

இப்போது எதில் இருக்கிறார்?

நடுவில் இருபது அடி இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அவள் அழுத்தி மிதித்தாள்.

பதினைந்து அடி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பத்து.

தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கும் தெரிந்துகொள்ள ஆசை போலிருக்கிறது.

அடுத்த வளைவில் அவர் திரும்பியபோது பின்சக்கரம் வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

செயின் கடைசி கியரில் இருந்தது.

இன்னும் நாற்பத்தெட்டு வளைவுகள்.

அவளுடைய சைக்கிள் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"உனக்காகத்தான் மெதுவாப் போறேன். மூச்சு வாங்குதா?"

அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. கைவசம் இன்னும் மூன்று கியர் மிச்சமிருந்தது. பதினொரு வருடத்தில் இந்த மலையில் அவள் ஒருமுறைகூட நடுவில் காலைத் தரையில் ஊன்றியதில்லை. அவராலேயே அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

"ஆமாங்க. என்னால முடியலை. இறங்கி நடக்கலாமா?"

அவள் கால் தரையைத் தொடும் முன்பே அவர் இறங்கியிருந்தார்.