படகுத்துறையில் ஒரு தாய்மாமன்

தாய்லாந்துத் தீவொன்றின் படகுத்துறையில் பிரவீன்குமார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். பாங்காக்கிலிருந்து ஊர் ஊராகச் சுமந்து திரியும் பை அவன் மடியில் கிடக்கிறது. எதிரே செருப்பில் சாய்த்துவைத்த கைப்பேசியில் கச்சிராயபாளையத்துக் கோயில் தெரிகிறது. அங்கே அக்கா மகள் எழில்மதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தேதியை மறந்து ஊர் சுற்றக் கிளம்பிய மாமனை வீடியோவில் பிடித்து, அவன் முகம் தெரியும் கைப்பேசிக்கு முன்னால் குழந்தையை மணையில் உட்காரவைத்திருக்கிறார்கள். “டேய், மடியில இருக்கற மூட்டைய எறக்கு. புள்ள எங்க ஒக்காரும்?” என்கிறாள் அக்கா அபிநயா. பை இறங்குகிறது. முதுகுக்குப் பின்னால் படகின் இன்ஜின் உறுமுகிறது. திரையில் வெயில் பளிச்சிட்டு ஊசியை மறைக்கிறது. “அக்கா, படகு கெளம்பிக்கினு இருக்குது. இத வுட்டா பிளேனும் போயிடும்.” “நீ எழுந்துட்டேன்னா என் கொழுந்தனார் மடியில ஒக்கார வெச்சிடுவாங்க. அப்புறம் நீ இன்னா மாமன்?” ஆசாரி ஊசியைத் தூக்குகிறார். “தம்பி, ஆடாதீங்க. ரெண்டு கையாலயும் புள்ளய கெட்டியா புடிச்சிக்கங்க.” பிரவீன்குமார் வெறும் காற்றை அணைத்துக்கொண்டு மூச்சடக்குகிறான். துறையில் கட்டிய கயிறு அவிழ்கிறது. படகுக்காரர் கையசைத்துக் கூப்பிடுகிறார். பதிலுக்கு இவனால் கையசைக்க முடியாது, பிள்ளை விழுந்துவிடும்.